குருவின் பட்டியல்: ஆட்டிசக் கதைகளும் நம் வகுப்பறைகளும்

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதைகளில் தலைப்பாகை விழுந்த கதை தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை மரக்கிளையில் தட்டி விழுகிறது. கூட வந்த சீடர்கள் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவில்லையே என்கிறார்கள். கீழே விழுகிற எதையும் எடுத்துவர வேண்டும் என்று குரு கண்டிக்கிறார். சீடன் ஓடிப்போய்த் தலைப்பாகையை எடுக்கிறான். குதிரை போட்ட லத்தியையும் அதிலேயே ஏந்திக்கொண்டு வருகிறான். ஆத்திரப்பட்ட குரு, எடுக்க வேண்டியவை இன்னின்ன என்று எழுதிக் கொடுக்கிறார். பிறகு குருவே குழியில் விழ, சீடர்கள் அந்தப் பட்டியலைப் படித்து அவர் உடுத்தியிருந்ததையெல்லாம் உருவி எடுத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத குருவைக் குழியிலேயே விட்டுவைக்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாகச் சிரித்திருக்கிறோம். சிரிப்பு முழுக்கச் சீடர்கள்மேல். உத்தரவைப் பிசகாகக் கொடுத்தவர் குரு என்பது சிரித்து முடித்த பிறகும் நமக்கு உறைப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டு நகைச்சுவைப் பாத்திரங்களுக்கு ஆட்டிசம் இருந்தது என்று நிறுவ நான் வரவில்லை. அப்படிச் செய்வது அபத்தம். ஆனால் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். ‘வெளியே போ’ என்றால் வராந்தாவில் நிற்காமல் வீடுவரை நடந்துவிடும் பிள்ளை. ‘ஒரு நிமிஷம் இரு’ என்றால் அறுபது எண்ணி முடித்ததும் டீச்சரின் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளை. இவர்களைப் பார்க்கும்போது வகுப்பு சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்ததில் நம் கதைகளுக்கும் பங்குண்டு.

ஆட்டிசம் பற்றிய சிறார் கதைகளை வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று அக்கறையுள்ள ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அந்தக் கதையை வைத்து எதை ஆராயப்போகிறோம்? பிள்ளையை ஆராய்ந்தால், சீடர்களைப் பார்த்துச் சிரித்த அதே பழக்கம் கொஞ்சம் இரக்கம் பூசிக்கொண்டு தொடரும். வகுப்பறையை, அதன் உத்தரவுகளை, மணியை, வரிசையை ஆராய்ந்தால்தான் கதைக்கு அங்கே வேலை. திண்டுக்கல் நகரையும் அதைச் சுற்றிய சமவெளிப் பள்ளிகளையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்: பூட்டுப் பட்டறைத் தெருக்களிலும், சின்னாளபட்டியின் தறிவீடுகளுக்கு நடுவிலும், வேடசந்தூரின் நூற்பாலைகளை ஒட்டியும் இருக்கிற அரசுப் பள்ளிகளையும் உதவிபெறும் பள்ளிகளையும்.

முதலில் சில அடிப்படைத் தகவல்கள். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தின் மருத்துவ வரலாற்றை வழக்கமாகத் தொடங்குகிறார்கள். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற மருத்துவர் இத்தகைய குழந்தைகளை நுணுக்கமாக விவரித்திருந்தார். உலகம் அவரைக் கவனிக்க வெகுகாலம் ஆயிற்று. இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016இன் உரிமைகள் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக்கி, பாகுபாடின்றிப் பிற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கும் ஏற்பாட்டைச் செய்ய அரசைக் கடமைப்படுத்தியது. 2018இல் வெளியான, நாட்டின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஆய்வு, ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் ஆட்டிசம் இருப்பதாகக் கணித்தது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு ஊர் இல்லை. என்றாலும் அதே விகிதம் என்று வைத்துக்கொண்டால், 300 பிள்ளைகள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் மூன்று பேர்.

அந்த மூவரும் அடையாளம் காணப்பட்டிருப்பார்கள் என்பது உறுதியல்ல. தமிழ்நாட்டில் ‘நலம் நாடி’ என்ற செயலி வழியாக ஆசிரியர்களே முதல்கட்டப் பரிசோதனை செய்ய ஏற்பாடு இருக்கிறது. அதற்குப்பின் வட்டார வள மையத்தில் முகாம், மருத்துவர் சான்று, அடையாள அட்டை, ‘எமிஸ்’ என்ற மாணவர் தகவல் தளத்தில் பதிவு. ஓடித் திரியும் பையன், கையைத் தட்டிக்கொண்டே இருக்கும் பையன் இந்த வலையில் சிக்குவான். பின்பெஞ்சில் யாரிடமும் பேசாமல் அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் பார்த்தெழுதும் பெண்பிள்ளை சிக்கமாட்டாள். அவளுக்கு ‘அமைதியான பொண்ணு’ என்று பாராட்டு கிடைக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நாலுக்கு ஒன்று என்று நெடுநாள் சொல்லப்பட்ட விகிதம் உண்மையில் மூன்றுக்கு ஒன்றை ஒட்டியது, பெண்கள் பலர் கண்ணில் படாமல் போகிறார்கள் என்று 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வகுப்பில் ஆட்டிசக் கதை வாசிக்கும் ஆசிரியர் இதை மறக்கக் கூடாது: கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருத்தி தன்னைப் பற்றியே முதன்முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சரி, கதைகள் எங்கே? தமிழில் இந்தத் துறையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் யெஸ். பாலபாரதி. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்ற கையேட்டையும், ஆட்டிசம் உள்ள சிறுவனை மையமாகக் கொண்ட ‘துலக்கம்’ என்ற நாவலையும் எழுதியவர். அவருடைய மனைவி லக்ஷ்மி பாலகிருஷ்ணன், ‘எழுதாப் பயணம்’ நூலில் ஒரு தாயின் பார்வையிலிருந்து இந்த அனுபவத்தை எழுதியிருக்கிறார். ஆசிரியர் அறையில் இருக்க வேண்டிய நூல்கள் இவை. வகுப்பறைக்கோ, பாலபாரதியின் வேறொரு புத்தகம் வழிகாட்டுகிறது: ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. குழந்தைகள் மீதான பாலியல் தொல்லையைப் பற்றி ஒரு மரப்பாச்சிப் பொம்மையைப் பேசவைத்த அந்தச் சிறார் நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. ஆசிரியர் நேராகச் சொல்ல நாக்கூசும் ஒரு விஷயத்தைக் கதை பேசிவிடும் என்பதற்கு அது தமிழிலேயே கண்ட சான்று. ஆட்டிசத்துக்கும் அப்படியொரு கதைக்கு இடமிருக்கிறது.

ஆங்கிலத்தில் வண்டி வண்டியாக இருக்கின்றன. அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மூன்றும் மூன்று கண்கள் என்பதால். மார்க் ஹாடனின் ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ 2003இல் வந்தது. 15 வயது கிறிஸ்டோபர் தானே கதை சொல்கிறான். ஆட்டிசம் என்ற சொல் கதைக்குள் எங்கும் இல்லை. இந்த விஷயத்தில் தான் நிபுணர் அல்ல என்று ஹாடனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஆட்டிசத்தைப் புரிந்துகொள்ளும் பாடநூலாகவே பலர் அந்த நாவலை எடுத்துக்கொண்டார்கள். சிந்தியா லார்டின் ‘ரூல்ஸ்’ 2006இல் வந்தது. லார்டுக்கு ஆட்டிசம் உள்ள மகன் உண்டு. கதை சொல்பவள் 12 வயது அக்கா கேத்தரின். தம்பி டேவிட்டுக்கு விதிகள் எழுதி எழுதி மாளவில்லை அவளுக்கு. தம்பிமேல் பாசமும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது. அந்த வெட்கத்தை மறைக்காததால்தான் அது நல்ல நாவல். (அவளுடைய விதிகளைப் படிக்கும்போது எனக்குக் குருவின் பட்டியல் நினைவுக்கு வந்தது.) மூன்றாவது, எல் மெக்னிகால் 2020இல் எழுதிய ‘எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்’. மெக்னிகாலுக்கே ஆட்டிசம் உண்டு. ஸ்காட்லாந்துக் கிராமத்தில் வாழும் 11 வயது ஆடி, ஒரு காலத்தில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச்சின்னம் கேட்டுப் போராடுகிறாள். கதையில் அவளை அதிகம் வதைப்பது ஆட்டிசம் இல்லை, அவளுடைய டீச்சர்.

முதல் கதையை வெளியாள் கற்பனை செய்திருக்கிறார். இரண்டாவதை வீட்டார் எழுதியிருக்கிறார். மூன்றாவதை உரியவரே எழுதியிருக்கிறார். நான் படித்த தமிழ் நூல்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. பெற்றோர் எழுதுவது பொய்யாகிவிடாது. ஆனால் பெற்றோரின் கதையில் பிள்ளை பெரும்பாலும் கவலைக்குரிய பொருளாகத்தான் நிற்கும். வகுப்பறை தூரத்தில் ஓர் அச்சுறுத்தலாகத் தெரியும். பள்ளிக்குள் நடக்கும் கதையைப் பிள்ளையின் கண்ணால் சொல்லும்போதுதான் ஆசிரியர் தன் முகத்தைப் பார்க்க நேரிடும்.

திரைப்படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’ ஆட்டிசத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியதில் பெரும்பங்கு ஆற்றியது. பல பெற்றோருக்கு அந்தச் சொல்லே அதில்தான் கிடைத்தது. ஆனால் அதில் சிறுவன் கடைசியில் மாரத்தான் ஓடுகிறான். ஹாலிவுட்டின் ‘ரெயின் மேன்’ 1988இல் போட்டுவைத்த தடம் அது: ஏதாவது ஒரு வித்தை இருந்தால்தான் ஆட்டிசம் உள்ளவருக்கு மரியாதை. சாதிக்காத பிள்ளைக்கு, வெறுமனே மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு வீடு திரும்பும் பிள்ளைக்கு, அந்தக் கதையில் இடம் எங்கே?

இதை என் சொந்த ரசனை என்று ஒதுக்கிவிட முடியாதபடி ஓர் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தில் லிண்ட்சே கேமரன், ஆடம் ரட்லண்ட் இருவரும் 2006இல் வெளியிட்டது. 5 முதல் 10 வயதுக்குள்ளான 67 பிள்ளைகள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம், மாற்றுத்திறனுள்ள பிள்ளையும் மற்ற பிள்ளையும் நண்பர்களாக இருக்கும் கதைகள் வாசிக்கப்பட்டன. கதைகளை மூன்று விதமாக மாற்றிச் சொன்னார்கள். ஒன்றில் நட்பு மட்டும். இன்னொன்றில் அந்தப் பிள்ளையின் தனிப்பட்ட குணங்களை அழுத்தினார்கள். மூன்றாவதில், குணங்களோடு சேர்த்து, இவர் மாற்றுத்திறனாளி, இவரைப்போலத்தான் மற்ற மாற்றுத்திறனாளிகளும் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். கேட்ட பிள்ளைகளின் மனப்போக்கு அதிகம் மாறியது மூன்றாவதில். நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு. வேறுபாட்டைச் சொல்லாமல் மறைத்து, ‘எல்லாரும் ஒண்ணுதான்’ என்று பூசி மெழுகும் கதை, கதையில் வரும் அந்த ஒரு பிள்ளையோடு நின்றுவிடுகிறது. அசாதாரண வித்தைக்காரனின் கதைக்கும் அதே கதிதான் என்று தோன்றுகிறது: அவன் விதிவிலக்கு, பக்கத்து பெஞ்சில் இருப்பவன் வேறு. இந்த ஆய்வு ஆட்டிசத்தை மட்டும் எடுத்துக்கொண்டதல்ல, சிறியதும்கூட. ஆனாலும் ஒரு வகுப்பாசிரியர் செய்து பார்க்கக்கூடிய அளவிலேயே அது நடந்திருப்பது நமக்கு வசதி.

வெறும் தகவல் போதாது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2001இல் அமெரிக்காவில் 3ஆம், 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுவனின் காணொளியைக் காட்டினார்கள். ஆட்டிசத்துக்குரிய நடத்தைகளோடு அவன் தோன்றியபோது பிள்ளைகள் அவனைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஆட்டிசம் என்றால் என்ன என்று விளக்கிய பிறகும் அந்த மதிப்பீடு உயரவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி விழிப்புணர்வு நாளில் பிரேயரில் நின்று வாசிக்கும் இரண்டு நிமிட உரைக்கும் இதற்குமேல் பலன் இருக்கும் என்று நான் நம்பவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, காதைப் பொத்திக்கொண்டு பாடம் கேட்பது போன்ற பாவனைப் பயிற்சிகளும் அப்படித்தான். 2017இல் வந்த ஓர் ஆய்வின்படி அவற்றில் கலந்துகொண்டவர்களிடம் பரிதாபமும் பயமும் கூடின, பழகும் விருப்பம் கூடவில்லை.

கதை எப்படி வேறு? இரண்டு விடைகள் எனக்குத் தட்டுப்படுகின்றன. 2015இல் இத்தாலியில் லோரிஸ் வெட்சாலியும் மற்றவர்களும் செய்த ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு வாரம் ஹாரி பாட்டர் கதையில் பாகுபாடு வரும் பகுதிகளைப் படித்துப் பேசினார்கள். குடியேறி வந்தவர்கள்மேல் அவர்களுக்கு இருந்த எண்ணம் மாறியது, ஆனால் ஹாரியோடு தன்னை ஒன்றாக நினைத்த பிள்ளைகளிடம் மட்டும். அதாவது, ‘நான் அவனாக இருக்க வேண்டும்’ என்று தோன்றாத கதையால் பயனில்லை. இரண்டாவது, 2017இல் நோவா சாசனும் மற்றவர்களும் கண்டது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களைச் சில நொடிகள் காணொளியில் பார்த்ததுமே மற்றவர்கள் ‘இவரோடு பழக வேண்டாம்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதே ஆட்கள் பேசியதை எழுத்தில் மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த விலகல் மறைந்துபோயிற்று. குரலின் ஏற்ற இறக்கம், பார்வை, கையசைவு ஆகியவைதான் குறுக்கே நின்றிருக்கின்றன. சொன்ன விஷயத்தில் குறையில்லை. கதைப்புத்தகம் இதைத்தானே செய்கிறது? பிள்ளையின் மனத்தை முதலில் தருகிறது, உடம்பைப் பிறகு.

இங்கே இன்னொரு கருத்தையும் சொல்லாமல் நகர முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்பது பழைய பாடம். டேமியன் மில்டன் என்ற, தானும் ஆட்டிசம் உள்ள சமூகவியலர், 2012இல் அதைத் திருப்பிப் போட்டார்: புரியாமை இருபக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மட்டும் நோய்ப் பெயர் வைத்துவிட்டோம். 2020இல் கேத்தரின் குரோம்ப்டன் குழு ஒரு கதையை எட்டுப் பேர் வரிசையில் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லவைத்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையைப்போலவே நன்றாகக் கைமாறியது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. பின்னாளில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது கலப்பு வரிசையின் அந்தச் சறுக்கல் தென்படவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் கதை சொல்வதில் சளைத்தவர்கள் அல்ல என்பது மட்டும் இரண்டிலும் நிலைத்தது. குருவுக்கும் சீடனுக்கும் நடுவே நடந்த தவறுக்குச் சீடனை மட்டும் பொறுப்பாக்காதீர்கள் என்று மில்டனைச் சுருக்கிச் சொல்லலாம்.

இனித் திண்டுக்கல்லுக்கு வருவோம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு திருத்தப்பட்டபோது, ஒலி, மணம், தொடுகை போன்றவற்றுக்கு அளவுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்க்கப்பட்டது. பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? இந்த ஊரில் அது சுலபம். பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகளின் வாடை தெரியாதவர் யார்? அந்தத் தொழிலாளர்களின் வாழ்வை ‘தோல்’ என்ற நாவலாக எழுதி, டி. செல்வராஜ் 2012இல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு வாடை தெரிவதில்லை, பழகிவிட்டது. வெளியூர் உறவினர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்துகிறார். அவரும் இரண்டு நாளில் பழகிவிடுவார். இரண்டு நாளிலும் பழகாத, இரண்டு வருஷத்திலும் பழகாத ஒரு மூக்கை நினைத்துப் பாருங்கள் என்று நாலாம் வகுப்பில் கேட்கலாம். மூக்குக்குப் பதில் அது காதாக இருந்தால்? அந்த வாடைக்குப் பதில் அது பள்ளி மணியாக இருந்தால்? பட்டறைத் தெருவில் அரம் ராவும் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளைகளும், பூ மார்க்கெட்டில் அம்மாவோடு விடியற்காலையில் நின்ற பிள்ளைகளும் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். லண்டன் பள்ளிக்காக எழுதிய எந்தக் கதையும் இவர்களிடம் இந்தப் பதிலை வரவழைக்காது. இந்த ஊருக்கு இந்த ஊரின் கதை வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

அப்படிக் கேட்கத் தொடங்கினால் வகுப்பறை தானாகக் கதைக்குள் வந்துவிடும். காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் வரிசை. தோளில் கை வைத்து இடைவெளி எடுக்கச் சொல்கிறார்கள், சிலருக்கு அந்தத் தொடுகையே நெருப்பு. இரும்புத் தண்டில் அடிக்கிற மணி. சத்துணவில் சோற்றின்மேல் ஊற்றிய சாம்பார்; சோறு தனி, குழம்பு தனி என்றால்தான் வாயில் வைக்கும் பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கும். முட்டையின் மணமே சிலருக்கு ஆகாது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த பிறகு, ஒரு நாளில் இந்தச் சோதனை இரண்டு தடவை. சமையல் அக்காவிடம் தட்டில் தனித்தனியாக வைக்கச் சொல்வதற்கு அரசாணை தேவையில்லை. ஆனால் அது ஒரு பிரச்சினை என்று யாராவது முதலில் கவனிக்க வேண்டும். பிள்ளைகள்தான் பெரியவர்களுக்கு முன்பே கவனிக்கிறார்கள். ‘டீச்சர், அவன் கொழம்பு ஊத்துனா திங்க மாட்டான்’ என்று சொல்வது எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான்.

சின்னாளபட்டியிலும் நகரின் நாகல்நகரிலும் இன்னொரு விஷயம். வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள், பேகம்பூரில் உருது, மில் குடியிருப்புகளில் இப்போது ஒடியாவும் இந்தியும். பேச்சு தாமதமான பிள்ளைக்கு ‘ரெண்டு மொழி பேசுறதாலதான் குழம்புது, தமிழ் மட்டும் பேசுங்க’ என்று அறிவுரை கிடைக்கிறது. இருமொழி ஆட்டிசப் பிள்ளையின் பேச்சைக் கெடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுமொழியை நிறுத்தினால் அந்தப் பிள்ளை பாட்டியை இழக்கும், கதை கேட்கும் வாய்ப்பையும் இழக்கும். தமிழ்க் கதையை வகுப்பில் வாசிக்கும் ஆசிரியர், அதை வீட்டுமொழியில் திருப்பிச் சொல்லச் சொன்னால் போதும்.

வாசிக்கும் விதத்துக்கு வருகிறேன். கேமரன்-ரட்லண்ட் ஆய்வைப் பின்பற்றி வாரம் ஒரு பீரியட், ஆறு வாரம் என்பது நல்ல அளவு. ஆசிரியர் உரக்க வாசிக்கட்டும். புத்தகம் ஒரு பிரதிதான் இருக்கும், அதுவும் பீரோவுக்குள். (பூட்டுக்குப் பேர்போன ஊரில் பள்ளி நூலக பீரோவின் சாவி மட்டும் எப்போதும் யாரிடமோ இருக்கிறது.) கதையில் சிக்கல் முற்றும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி, ‘அவன் ஏன் இப்படிச் செய்தான்?’ இல்லை. ‘அந்த இடத்தில் என்ன இருந்தது? யார் என்ன சொன்னார்கள்? வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்?’ பரமார்த்த குரு கதையையே இப்படிப் பிரிக்கலாம்: குருவின் உத்தரவைப் பிள்ளைகள் திருத்தி எழுதட்டும். குழப்பமே இல்லாத உத்தரவு எழுதுவது எவ்வளவு கடினம் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன்பின் கரும்பலகையில் ஆசிரியர் தான் தினமும் சொல்லும் உத்தரவுகளை எழுதி, அவற்றையும் திருத்தச் சொல்லலாம். இதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பாடவேளை அட்டவணையைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவது, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒருவர் சொல்லிவிடுவது, எல்லாம் இந்தப் பேச்சிலிருந்தே முளைக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்காகச் செய்தவை என்று யாரும் நினைவுவைத்துக்கொள்ள வேண்டியதில்லை; எல்லாருக்கும் வசதி.

ஒன்றை மட்டும் ஒருக்காலும் செய்யக் கூடாது. கதை முடிந்ததும் ‘நம்ம வகுப்புலயும் ஒருத்தன் இருக்கான் இல்ல?’ என்று திரும்பிப் பார்ப்பது. ஆசிரியர்கள் பேச்சில் மாற்றுத்திறனுள்ள பிள்ளையைக் குறிக்க ‘ஐஇடி பிள்ளை’ என்ற அடைமொழி ஏற்கெனவே இருக்கிறது. கதையில் வந்த பாத்திரத்தின் பெயரும் அதற்குமேல் பட்டப்பெயராகி ஒட்டிக்கொள்ளும். பெற்றோரிடம் முன்கூட்டிப் பேசி, அவர்கள் விரும்பினால், பிள்ளையும் விரும்பினால், அவர்களே வந்து பேசட்டும். இல்லையென்றால் கதை கதையாகவே இருக்கட்டும். கேமரன்-ரட்லண்ட் ஆய்வு வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லச் சொன்னது கதைக்குள் இருக்கும் பிள்ளையைப் பற்றி. பெஞ்சில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அல்ல.

புத்தகங்களுக்கான வழி முன்பைவிட இன்று திறந்திருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் சிறுநூல்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் வகுப்புகளுக்கு வருகின்றன. சென்னையின் தூலிகா போன்ற பதிப்பகங்கள் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் வரும் படக்கதைகளை வெளியிட்டிருக்கின்றன. திண்டுக்கல் இலக்கியக் களம் நடத்தும் புத்தகத் திருவிழாவுக்குப் பள்ளிப்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். 1947இல் தொடங்கிய காந்திகிராமமும் அங்குள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் நகரத்திலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கின்றன. கிராமப் பள்ளிகளோடு பழக்கமுள்ள அத்தகைய இடத்தில், ஆட்டிசம் உள்ள இளைஞர்களையும் அவர்களுடைய வகுப்புத் தோழர்களையும் சேர்த்து உட்காரவைத்து இந்த ஊர்க் கதைகளை எழுதவைப்பது நடக்கக்கூடிய காரியம்தான். பேச்சு வராதவர்கள் படத்தாலும் தட்டச்சாலும் சொல்லட்டும். தட்டச்சில் மட்டும் ஓர் எச்சரிக்கை: உடனிருப்பவர் கையைப் பிடித்து எழுதவைக்கும் முறைகளில் எழுதுவது யார் என்ற கேள்வி பலமுறை சோதிக்கப்பட்டு, உடனிருப்பவர்தான் என்றே தெரிந்திருக்கிறது. பிள்ளையின் கை தானாக எழுதியதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஆள் பற்றாக்குறை நிற்கிறது. மாற்றுத்திறனுள்ள மாணவர்களுக்கு இத்தனை பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று விகிதம் வகுக்க வேண்டும் என 2021இல் உச்சநீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சொன்னது. இங்கே வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு முறைவைத்துப் போய்வருகிறார்கள். பயிற்றுநர் வரும் நாளில் ‘அவருடைய’ பிள்ளைகளைத் தனியறைக்கு அழைத்துப் போய்விடுகிறார். வகுப்பாசிரியர் தன் பாடத்தைத் தொடர்கிறார். இருவரும் பார்த்துக்கொள்வது வராந்தாவில். கதை வாசிக்கும் பீரியடை அவர் வருகிற கிழமையில் வைத்து, தனியறைக்குப் போகாமல் அவரையும் வகுப்பிலேயே உட்காரவைத்தால், வகுப்பாசிரியர் கேட்கத் தயங்கும் கேள்விகளைப் பிள்ளைகள் அவரிடம் கேட்பார்கள். கால அட்டவணையில் ஒரு கட்டத்தை மாற்றிப்போட வேண்டும்; தலைமையாசிரியரின் கையெழுத்து போதும்.